கொட்டியதா, ஒழுகியதா

பிள்ளைகளா, நேற்று இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தில் ஸ்பில், லீக், சீப் மூன்றுக்கும் ‘தண்ணீர் வெளியே வருவது’ என்று ஒரே அர்த்தத்தை எழுதிவிட்டு விளையாட ஓடிவிட்டீர்கள். கேட்டதற்கு, “எல்லாம் ஒண்ணுதாம்ப்பா, கீழ ஈரம், அவ்வளவுதானே” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நான் ஒரு பெரிய மனுஷர் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

என் இங்கிலீஷ் பத்தாவதோடு நின்றுபோனது. இந்தச் சொற்களை நான் வேலை பார்க்கும் எண்ணெய் ஆலை வாசலில் தொங்கும் படப் பலகையில்தான் படித்தேன். கவிழ்ந்த வாளி, ஸ்பில். சொட்டும் குழாய், லீக். சுவரில் பூத்து வரும் ஈரம், சீப். கொட்டுவது, ஒழுகுவது, கசிவது. கொட்டினால் கொட்டிய ஆள் ஒருத்தர் உண்டு. ஒழுகினால் ஓட்டை உண்டு. கசிவுக்கு எதையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது.

ஒருநாள் பாமாயில் டேங்க்கின் கீழே எண்ணெய் தேங்கி, பார்வையிட வந்த அதிகாரி வழுக்கி விழுந்தார். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்பகரத்தூர் அக்காதான் எண்ணெய் வாளியைக் கவிழ்த்துவிட்டார் என்றார் மேனேஜர். ரிப்போர்ட்டில் ‘ஸ்பில்’ என்று எழுதி, அந்த ஷிஃப்டில் நின்ற என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். போட்டால் மறுநாள் அக்காவுக்கு வேலை கிடையாது.

“லீக் சார். வால்வுலேருந்து ஒழுகுது.”

“என்னய்யா பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான். கீழ எண்ணெய்.”

“ஒண்ணுதான்னா லீக்குன்னே எழுதிடுங்க சார்.”

அவர் முகம் மாறியது. அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்ததால்தான் அந்தச் சொல்லை எடுத்தார். லீக் என்றால், வால்வை மாற்றாமல் விட்டது யார் என்ற கேள்வி அவரிடம் வரும்.

“எதுக்குத் தம்பி வாய்ச்சண்டை? உமியைப் போட்டுப் பாத்துடுவோம்” என்றார் அக்கா.

எண்ணெய் பட்ட தரையில் ரைஸ்மில் உமியைத் தூவிக் கூட்டுவது எங்கள் வழக்கம். கொட்டிய எண்ணெய் ஒரு தடவை கூட்டினால் தீர்ந்துவிடும். அக்கா தரையைத் துப்புரவாகக் கூட்டி, புது உமி தூவி, காலி வாளியை மேனேஜர் கையிலேயே கொடுத்தார்.

“நீங்களே புடிச்சுக்குங்க சார். அப்பறம் மறுபடி கவுத்துட்டேம்பீங்க.”

நின்றிருந்த லாரி டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். டீ வருவதற்குள் உமியின் நடுவில் ஒரு வட்டம் கருத்து நனைந்து, விரிய ஆரம்பித்தது.

ரிப்போர்ட்டில் லீக் என்றே போனது. அக்கா இன்றும் அங்கேதான் இருக்கிறார். என்னை மட்டும் டேங்க்கிலிருந்து எடுத்து, வெயிலில் லாரிகளை உள்ளே விடும் கேட்டில் போட்டார்கள். நான் கறுத்துப்போனேன் என்று உங்கள் அம்மா சொல்வாளே, அது இதனால்தான். கறுத்தால் கறுத்துட்டுப் போறேன். இன்னொரு தடவை நீட்டினாலும் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்களும், யாராவது ரெண்டும் ஒண்ணுதான் என்றால், அப்போ சரியானதையே எழுதுங்க என்று நின்று கேளுங்கள்.

கேட்டுக்கு மாற்றுவதற்கு முன், டேங்க் வேலையில் என் கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். வால்வை மாற்றியாச்சு என்று சொல்லியிருந்தார்கள். சொன்னால் ஆச்சா? ஒரு கை உமியை அதன் கீழே தூவிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விரலால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அப்புறம்தான் செருப்பை மாட்டினேன்.