பதினோரு அந்தோணிகளும் மோகனூர் அந்தோணியும்

அந்தோணி என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாது. தேடியும் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு பக்கம் ‘பூ’ என்கிறது, இன்னொரு பக்கம் ‘விலைமதிப்பற்றவர்’ என்கிறது. இரண்டுமே பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்தவை. பழைய ரோமாபுரியில் அது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மொழியாராய்ச்சி செய்தவர்களே கையை விரிக்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் கடந்த சித்திரையில் ஒரு திங்கட்கிழமை சேலத்திலிருந்து மோகனூருக்குப் போனேன். காவிரிக்கரை பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நேரத்தையும் கட்டணத்தையும் வழக்கம்போலக் குறித்துவைத்தேன்.

காரணம் சுமதி. எம்.ஏ. படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி, மோகனூர்க்காரி. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள விவசாயக் குடும்பம். வீட்டில் முருகன் படம், ஆற்றங்கரைக் கருப்பசாமிக்கு வருடம் ஒரு கிடா. அவளுடைய அண்ணன் பெயர் மட்டும் அந்தோணி. ‘அது ஒரு வேண்டுதல்’ என்று அப்போதே சொல்லியிருந்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விடுவது என் சுபாவம்.

பயணத்துக்குச் சில நாள் முன்னால் திடீரென்று அழைத்தாள்.

“ஏ பிலோ, எனக்கொரு சர்ட்டிபிகேட்டு வேணும்டி.”

“என்ன சர்டிபிகேட்?”

“எங்கண்ணன் உங்காளு இல்லீன்னு, கிறிஸ்டீன் இல்லீன்னு.”

விஷயம் இதுதான். அந்தோணியின் மகனுக்குச் சேந்தமங்கலத்தில் பெண் முடிவாகி, நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரையும் மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். பத்திரிகை இரு வீட்டாரும் தனித்தனியாக அடிக்கிறார்கள். பெண் வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை ‘ஆனந்தன்’ என்று போட்டுக்கொள்கிறோம் என்று பெண்ணின் பெரியப்பா சொல்லிவிட்டார். சத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். அந்தோணி என்று அடித்தால், மதம் மாறிய குடும்பமோ என்று பங்காளிகள் கேட்பார்களாம். அந்தோணி சண்டை போடவில்லை. “ஆனந்தன்னு எவனோ ஒருத்தன் வந்து மணவறையில நிக்கட்டும். நான் பந்தியில எலை போட்டுக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள் என்பதுதான் சுமதியின் பயம்.

சனிக்கிழமை காலை சேலத்தில் எங்கள் அந்தோணியார் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். ஃபாதர் இளைஞர், கொஞ்சம் சட்டம் பேசுகிறவர்.

“ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தாம்மா திருமுழுக்குச் சான்றிதழ். எடுக்காதவங்களுக்கு என்னன்னு எழுதுறது?”

“இல்லைன்னுதான் ஃபாதர்.”

“வேற பங்குல எடுத்திருந்தா?”

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் பழைய பதிவேடுகளை இறக்கி, அந்தோணி பிறந்த வருடத்தையும் அடுத்த இரண்டு வருடங்களையும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு இரண்டே வரியில் ஒரு கடிதம் கொடுத்தார்: இந்த ஆண்டுகளில் எங்கள் பதிவேட்டில் பதினோரு அந்தோணிகள் இருக்கிறார்கள்; மோகனூர் பெரியசாமி மகன் அந்தோணி அவர்களில் ஒருவர் அல்லர். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடித்திருந்தது.

திங்கள் காலை 6.50க்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். நாமக்கல் 55 கிலோமீட்டர், கட்டணம் 55 ரூபாய். இடப்பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முழுக்க முகத்தில்தான். மல்லூர் தாண்டியதும் எதிரே லாரிகள் வர ஆரம்பித்தன. இந்தப் பக்கத்து லாரிகளின் நெற்றியில் முதலாளிகளின் பிள்ளைகள் பெயர் இருக்கும். அன்று நான் படித்தவை: கவின், தர்ஷினி, ரோஷன், மறுபடி கவின், ஜெசிகா. இதில் பாரசீகம் எது, எபிரேயம் எது என்று அந்த அப்பாக்கள் யோசித்திருக்கமாட்டார்கள். காதுக்கு நன்றாக இருந்திருக்கும், வைத்திருப்பார்கள்.

நானும் பேசத் தகுதியில்லாதவள்தான். என் அப்பா சின்னப்பன். புனித பவுலின் பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று அர்த்தம். அதைத்தான் எப்போதோ ஒரு சாமியார் அழகாகத் தமிழில் ‘சின்னப்பர்’ ஆக்கினார். அருளப்பனும் ராயப்பனும் அப்படி அர்த்தம் பார்த்து மாற்றியவைதான். எனக்கு வந்தது பிலோமினா. ரோமாபுரியில் ஒரு பழைய கல்லறையை மூடியிருந்த மூன்று ஓடுகளை வரிசை மாற்றி அடுக்கிப் படித்ததில் கிடைத்த பெயர் அது. அப்படி ஒரு புனிதை இருந்தாரா என்பதே சந்தேகம் என்கிறார்கள். நாற்பத்தொன்பது வருடமாக அந்தச் சந்தேகத்தின் பெயரைத்தான் சுமக்கிறேன், சம்பளமும் அதில்தான் வாங்குகிறேன்.

8.05க்கு நாமக்கல். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பழைய நிலையத்துக்கு நகரப் பேருந்தில் இருபது நிமிடம். அங்கிருந்து 8.50க்கு மோகனூர் பேருந்து, 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இரண்டிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மோகனூரில் இறங்கி ஆட்டோக்காரரிடம் அந்தோணி வீடு என்றேன்.

“வாழைக்கார அந்தோணிங்களா? ஏறுங்க. இங்க ஒரே அந்தோணிதானுங்க.” கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தார். “நீங்க கிறிஸ்டீனுங்களா?”

“ஆமாம்.”

“அவரு இல்லீங்க. தெரிஞ்சுதான போறீங்க?”

இரண்டரை கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

வாசலில் அந்தோணி நின்றிருந்தார். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கையில் மண்வெட்டி. “வாங்க டீச்சர்” என்றார். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவருகிறேன், பயனில்லை. சுமதி என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“பெரியப்பா பதினொரு மணிக்கு வராரு. நாளைக்கு அவுங்க பத்திரிகை மெசினுக்குப் போவுது. இன்னிக்கு உட்டா அவ்வளவுதான். பேருக்கு அர்த்தங் கேட்டா பூன்னு சொல்லிரு. அவரு சாமிக்குப் பூ கட்டறவரு, கரைஞ்சிருவாரு.”

“அது உண்மையில்ல சுமதி.”

“ஒரு பூவுல என்னடி கொறஞ்சு போச்சு உனக்கு?”

பெண்ணின் பெரியப்பா பொன்னுசாமி சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபதை நெருங்கும் வயது. நாமக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். வடக்கே நிறைய முறை தானே ஓட்டிப் போனவர். பழகுவதற்கு மரியாதையானவர் என்பதால் சங்கடம் இன்னும் கூடியது. கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

“இவிய மாறலீன்னு எனக்குத் தெரியாதுங்களா? இந்தக் காயிதத்த நான் பத்திரிகையோட பின் அடிச்சா ஊரு ஊருக்குக் குடுக்க முடியும்?”

கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“சரி, படிச்சவிய நீங்க. அந்தப் பேருக்கு என்னதாங்க அர்த்தம்?”

சுமதி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். பூ நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கியது நான் உத்தமி என்பதால் அல்ல. பொய் சொன்னால் எனக்குக் குரல் மாறிவிடும், அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பட்டது.

“தெரியாதுங்க. யாருக்குமே தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா பஸ்ஸேறி வந்தீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுமதிக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க மாமா, உங்க பேரனுக்கு யாஷ்விக்னு வெச்சிருக்கீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?”

“அது… மருமவ போன்ல பாத்து வெச்சதுங்க.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“வெற்றியோ என்னமோ.” அவரே சிரித்துவிட்டார். “எனக்கு வாயிலயே வாரதில்ல. நான் சாமின்னுதான் கூப்படறது.”

சிரிப்பு அடங்கியதும் அவர் அந்தோணியின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சம்பந்தி, நீங்க ஒண்ணுமே பேசலீங்களே. ஒரு காயிதத்துல ஒரு எழுத்து. அதுல அப்புடி என்ன உங்களுக்கு?”

அந்தோணி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு முன்னால ரெண்டு பொறந்து ரெண்டும் தங்கலீங்க. நான் வயித்துல இருக்கையில, செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்குப் போன்னு யாரோ அம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க. பதிமூணு செவ்வாக்கெழம. சேலத்துக்கு. பொழச்சா உம்பேர வெக்கறேன்னு சொல்லி. வேற ஒண்ணும் குடுக்கறதுக்கு அப்ப எங்க ஊட்டுல இல்லீங்க. பேருதான் குடுத்தது. அத நான் எப்புடித் திருப்பி எடுக்கறது?”

பெரியப்பா அடுத்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

“எந்த பஸ்ஸுல போனாங்க?”

“நேர் பஸ் ஏதுங்க அப்ப? நாமக்கல்லுல மாறித்தான்.”

“மாசமா இருக்கையில.”

“ஏழு மாசம் வரைக்குமுங்க.”

பெரியப்பா விரல் மடக்கினார். “அம்பத்தஞ்சும் பதினெட்டும் எழுவத்திமூணு. போய் வர நூத்தி நாப்பத்தாறு. பதிமூணு நடை…” கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். “ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு கிலோமீட்டரு.” என்னைப் பார்த்து, ஏதோ பாரம் ஏற்றிய வழியைச் சொல்வதுபோலச் சொன்னார்: “இங்கிருந்து புடிச்சா நாக்பூர் தாண்டி ஜான்சி வந்துரும் மேடம். நல்ல வண்டியா இருந்தாலே அஞ்சு நாளு. ரோடு நல்லா இருந்தா.”

“அப்ப ரோடு நல்லா இல்லீங்க” என்றார் அந்தோணி.

“இல்லீங்க. மல்லூர் பக்கமெல்லாம் குண்டுங்குழியுமா கெடக்கும். நான் ஓட்டியிருக்கறேன்.”

காபி குடித்தார். வாழைத்தோப்பைச் சுற்றிப் பார்த்தார். பெயரைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. கிளம்பும்போது சுமதிதான் கேட்டாள்.

“மாமா, பத்திரிகை?”

“பாக்கலாமுங்க. வாரேன்.”

சாயங்காலம் ஆற்றுக்குப் போனோம். சித்திரையில் மோகனூரில் காவிரி என்றால் முக்கால்வாசி மணல். தண்ணீர் அக்கரையை ஒட்டி ஒரு கோடாகப் போகிறது. சுமதி கோபத்தில் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். ஒரு பூவைச் சொல்லியிருக்கலாமே என்று நானும் நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

அந்தோணியாரால்தான் அந்தோணி பிழைத்தார் என்று நான் நம்பவில்லை. மூன்றாவது பிள்ளை தங்குவதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மா பேருந்து ஏறியது நடந்தது. அதை ஒரு லாரிக்காரர் கிலோமீட்டரில் புரிந்துகொண்டதையும் நேரில் பார்த்தேன். பெயரின் பொருளைத் தேடி அகராதிக்குப் போகும் பழக்கத்தை இதனால் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அகராதியில் அகப்படாததை அகப்படவில்லை என்று சொல்வதற்கு இனி அவ்வளவு கூச்சப்படமாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆற்றுக்குப் போவதென்றால் காலை எட்டுக்கு முன் அல்லது ஐந்துக்குப் பின் போங்கள். மணல் காலைச் சுடும். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் திரும்பலாம், ஆனால் வெயில் காலத்தில் ஓர் இரவு தங்குவது உடம்புக்கு நல்லது. முன்னோர் பெயரைத் தேடிப் பங்குப் பதிவேடு பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு வராதீர்கள், அன்று ஃபாதருக்கு மூச்சு விட நேரமிருக்காது. அப்பா பெயரும் தோராயமான வருடமும் இல்லாமல் போனால் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் பெயர்தான் கிடைக்கும், ஏன் வைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்காது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. நான் கிளம்பும்போது அந்தோணி வெள்ளை வேட்டியில், மஞ்சள் பையில் இரண்டு சீப்புப் பூவன் பழத்தோடு நின்றார். “நானும் சேலம் வாரனுங்க” என்றார். சின்ன வயதில் அம்மாவோடு ஒரே ஒருமுறை அந்தோணியார் கோயிலுக்குப் போனதாம். அதற்குப் பிறகு போனதில்லை. நாமக்கல் பேருந்தில் அவருக்கு மட்டும் பதினெட்டு ரூபாய் டிக்கெட். “உங்களுக்கு டிக்கெட் எடுத்து ஒரு மரியாத பண்ணக்கூட முடியலீங்களே” என்று வருத்தப்பட்டார்.

புதுச்சத்திரம் தாண்டும்போது அவருடைய போனுக்கு ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. குரல் பொன்னுசாமியுடையது, பின்னால் அச்சு இயந்திரச் சத்தம். “சம்பந்தி, பேரு சரியான்னு பாத்துச் சொல்லுங்க. பத்தரைக்கு ஓட்டிருவாங்க.”

அந்தோணி கண்ணாடி கொண்டுவரவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

“படிங்க டீச்சர்.”

“மோகனூர் பெ. அந்தோணி, கமலா தம்பதியரின் மகன்…”

“இன்னொருக்கா படிங்க.”

படித்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்று பதில் அனுப்பும் வேலையும் என்னுடையதாயிற்று.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பழத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு, கை கூப்பி, கருப்பசாமி முன்னால் நிற்பதைப் போலவே நின்றார். வெளியே வரும்போது ஃபாதர் எதிரே வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவரிடம் பெயர் கேட்டார்.

“அந்தோணிங்க.”

“எந்த அந்தோணி?”

“உங்க நோட்டுல இல்லாத அந்தோணிங்க சாமி.”