சனிக்கு வைத்த சோறும் ஓக் மரத்து மண்ணும்

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் தெருவிலிருந்து, மண் மூச்சு விடுகிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போனவர் ஒருவர்தான். பெயர் கிருஷ்ணராசா, வயது அறுபத்தொன்று. லண்டனுக்கு வந்த புதிதில் குரோய்டனில் விசாவுக்காக வரிசையில் நின்றார். பிறகு இருபத்திரண்டு வருஷம் கார்களுக்கு எண்ணெய் அடிக்கும் பெற்றோல் செற்றில் நின்றார். செற்றை இடித்து அடுக்குமாடி கட்டத் தொடங்கியதும் வீட்டில் உட்கார்ந்தார். இந்த வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் மனைவி கிரிஜா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது சுப்ரியா கொடுத்தார்.

சுப்ரியா கோயம்புத்தூர்க்காரி. மண்ணுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராயும் டாக்டர். ஊசி போடும் டாக்டர் அல்ல என்பதைக் கிருஷ்ணராசாவுக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. குரோய்டனுக்குத் தெற்கே ஓர் ஓக் காட்டில் சுப்ரியா மூன்று துண்டு நிலத்தைத் தெரிந்தெடுத்திருந்தார். ஒன்றில் மாடு மேயும். இன்னொன்றில் சனம் நாயோடு நடக்கும். மூன்றாவதைச் சுற்றி வேலி. நாற்பது வருஷமாக உள்ளே ஆளும் இல்லை, மாடும் இல்லை. மரம் ஒன்றேயானாலும், மேலே என்ன நடக்கிறதோ அதற்கேற்ப மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் மாறும். பருவத்துக்குப் பருவமும் மாறும். அதைத்தான் அவர் அளந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை தோறும் போய் வெப்பமும் ஈரமும் குறிப்பது, பருவத்துக்கு ஒருதரமும் இலையுதிர் காலத்தில் வாரம் ஒருதரமும் மூன்று இடத்திலும் மண் அள்ளிப் பையில் போட்டுக் கொடுப்பது, இதுதான் கிருஷ்ணராசாவின் வேலை. அந்த மண்ணைப் போத்தலில் அடைத்து, அது எவ்வளவு மூச்சு விடுகிறது என்று மெஷின் பார்க்கும். மூச்சு கூடினால் உள்ளே உயிர்கள் மும்முரமாக இருக்கின்றன என்று அர்த்தம். கிருஷ்ணராசாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான லெட்சுமணன் ஆகிய நான், வேறு வேலைவெட்டி இல்லாத குற்றத்துக்காக, அவரை ஏற்றி இறக்கினேன். அவர் காட்டுக்குள் போவார், நான் காருக்குள் பேப்பர் படிப்பேன்.

மூன்று வருஷத்தில் ஆளே மாறிவிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம், "வெய்யில் காலத்தில உதுகள் சோர்ந்துபோய்க் கிடக்கும். ஒரு மழை விழுந்தாப் போதும், எழும்பி ஆடத் தொடங்கிடும்" என்பார். கேட்டவர், யாரோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்கிறார் என்று தலையாட்டுவார்.

மூன்றாம் வருஷம் நவம்பரில், சுப்ரியா காருக்கே ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"அங்கிள், வேலிக்குள்ள இருக்கற மண்ணு இலையுதிர் காலத்துல மத்த ரெண்டு இடத்தைவிட ஏழு மடங்கு மூச்சு விடுது! மூணு வருஷமும் அப்படியே. மனுஷன் விலகி நின்னா காடு தானா பொங்குதுன்னு எழுதப் போறேன். இதை மட்டும் பணம் குடுக்கறவங்க ஒத்துக்கிட்டா உங்க வேலையும் நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி."

"நல்லது பிள்ளை" என்றார் கிருஷ்ணராசா.

"ஒண்ணுதான் புரியல. செப்டம்பர் நடுவுல பொங்குது, அக்டோபர் நடுவுல அடங்குது. மாவுச்சத்து தின்னற பாக்டீரியாதான் அதிகம். அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல."

கிருஷ்ணராசாவின் முகம் கறுத்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னார்.

"அண்ணை, அது நான் வைச்ச சோறு."

கிங்ஸ்பரியில் சாதகம் பார்க்கும் ஒரு சாத்திரியார், ஏழரைச் சனி உங்கள் வேலையில்தான் கை வைக்கும் என்று இவரைப் பயமுறுத்தியிருக்கிறார். புரட்டாசிச் சனி விரதத்தை இவர் விடுவதே இல்லை. காகத்துக்கு எள்ளுச் சோறு வைத்து, அது கொத்தின பிறகுதான் வாயில் பருக்கை வைப்பார். அந்தச் சனிக்கிழமைகளில் ஆள் இருப்பதோ காட்டில்.

"ஏன் வேலிக்குள்ளயே வைக்கவேணும்?" என்று கேட்டேன்.

"மற்ற ரெண்டு இடத்திலயும் சாணியும் நாய் போனதும். சாமிக்கு வைக்கிறதை அங்க வைக்க ஏலுமே? அதுதான் சுத்தமான இடம்."

"ஒரு தட்டிலயாவது வைச்சிருக்கலாமே?"

"குப்பை போடக் கூடாதெண்டு போர்ட் போட்டிருக்கு, அண்ணை. மண்ணிலதான் வைச்சனான். காகம் நாலைஞ்சு வரும். அரைச் சட்டி சோறு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலையைக் காப்பாற்ற வைத்த சோறே வேலைக்கு உலை வைத்துவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விடுவது என்றால் இதுதான். "வாயை மூடிக்கொண்டு இரும்" என்றேன். "சோறு மக்கிப் போச்சு. ஆர் கேக்கப் போகினம்?" கிரிஜாவும் அதையேதான் சொன்னார். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவர் சொல்லிவிட்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். வேலிக்குள் நின்ற ஓக் மரத்தடியில் சுப்ரியா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வருஷம், அங்கிள். நீங்க சொல்லலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

"நான் போட்ட சோத்தைத் திண்டுபோட்டு, திண்டனாங்கள் எண்டு அந்தச் சின்ன உயிருகள் உங்களுக்கு மூச்சு விட்டுச் சொல்லியிருக்குதுகள். அதுகளே மறைக்கேல்லை, பிள்ளை. நான் மறைக்கலாமோ?"

சுப்ரியா பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார். அடியில் மிஞ்சிய சர்க்கரை டீயை வழக்கம்போல மரத்தடியில் ஊற்றினார். ஊற்றிய பிறகு பிளாஸ்கைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு தடவை வந்தபோதும் அங்கேதான் ஊற்றியிருக்கிறார். முதலில் சிரித்தார், பிறகு அழுதார்.

இரண்டு கிழமை ஒரு தகவலும் இல்லை. கிருஷ்ணராசா பூட்சைக் கழுவிக் காயவைத்து, மண் தோண்டும் குழாயைத் துடைத்து, திருப்பிக் கொடுக்கப் பையில் கட்டிவைத்தார். அப்போது போன் வந்தது. சத்தமாகப் போட்டுக் கேட்டோம்.

"சோறு, டீ ரெண்டையும் எழுதிக் கொடுத்துட்டேன், அங்கிள். நல்லாத் திட்டினாங்க. அப்புறம், இன்னும் மூணு இலையுதிர் காலத்துக்குப் புதுசா மண் எடுங்கன்னு பணமும் குடுத்துட்டாங்க. மண் எடுக்கறவர் நம்பிக்கையானவரான்னு கேட்டாங்க. தானே வந்து மாட்டிக்கறவர்னு சொன்னேன். வருவீங்கல்ல?"

"ஓம் பிள்ளை. வாறன், வாறன்" என்றார். போனை வைத்துவிட்டுச் சின்னப்பிள்ளை போல அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியளே அண்ணை, சனி கைவிடேல்லை" என்றார். எனக்கு அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

காட்டு மண்ணில் இனி ஒரு பருக்கையும் விழக் கூடாது என்பது சுப்ரியாவின் உத்தரவு. மறு வருஷம் புரட்டாசி முதற் சனிக்கிழமை, எள்ளுச் சோறு காட்டோரம் நின்ற என் காரின் கூரையில் வைக்கப்பட்டது. ஐந்து காகம் வந்தன. கிருஷ்ணராசா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். நான் இரண்டு கையையும் விரித்து, காரைச் சுற்றிச் சுற்றி ஓடி, கீழே விழுந்த பருக்கைகளை மண்ணில் விழாமல் ஏந்திக்கொண்டிருந்தேன்.