நான் வாசிக்காத வேகம்

கண்ணை மூடினால் அந்த மேசை இன்றும் தெரிகிறது. எங்கள் மென்பொருள் குழுவின் டெஸ்டர் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, நான் வாசித்த கிட்டார் சோலோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ஆள்காட்டி விரல் மேசையில் தாளம் போடுகிறது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஊரின் ஐ.டி. பகுதியான கச்சிபௌலியின் பாறைகளுக்கு நடுவே, கிரேன்கள் சத்தமில்லாமல் திரும்புகின்றன. விரல் சட்டென்று நிற்கிறது. என்னைப் பார்க்கிறார்.

நான் வாசித்தது என்பது பாதிப் பொய். அலுவலக ஆண்டு விழாவுக்கு ஓர் இசைக்குழு சேர்த்திருந்தோம். மதுரைக்காரரான எங்கள் மேலாளர் பாடகர், டெஸ்டருக்கு டிரம்ஸ். பாட்டின் நடுவே வரும் அரை நிமிட சோலோவுக்கு இரண்டு பேர் போட்டியிட்டோம். வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். என் விரல்களோ அந்த வேகத்துக்கு வரவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. மெதுவாக வாசித்துப் பதிவு செய்தேன். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் கூட்டினேன். மென்பொருள்காரனுக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. மேலாளர் சொக்கிப்போய், சோலோவை எனக்கே தந்து, முழுப் பாட்டையும் அந்த வேகத்திலேயே பாடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

சோலோவைக் கேட்ட அன்று மாலை, ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் டெஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊரின் மறுகோடியான அல்வாலில் மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வே குடும்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவர், சர்ச்சில் வாசித்தே டிரம்ஸ் பழகியவர்.

"உங்க ரூம்ல சுவர்க் கடிகாரம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"ரெக்கார்டிங்ல அது ரொம்ப ஸ்பீடா ஓடுது."

டிக் டிக் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. காட்டிக்கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். சனிக்கிழமை கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆறு சனிக்கிழமைகள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, முதுகில் கிட்டாரோடு பைக்கில் போனேன். அவர் வீட்டு முன்னறையில் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்திய டிரம்ஸ் நின்றிருக்கும். நான் பறப்பேன், அவர் நிறுத்துவார். "கைக்கு இந்த அவசரம்? ஸ்பீடு இப்ப நக்கோ. நாலு நோட்டு போதும்." கைக்கு என்றால் அவர் பேச்சில் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். முதலில் நாலு ஸ்வரம், பிறகு அடுத்த நாலு, பிறகு இரண்டையும் சேர்ப்பது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என் சுண்டுவிரல் கம்பியைவிட்டு எம்பிக் குதித்துத் திரும்புவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். விரல்களைக் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பழகினேன். தோள் தளர்ந்தது. அந்த மதியங்கள் முடிவில்லாமல் நீண்டன. ஜன்னல் வெயில் தரையில் நகர்வதும், தூரத்தில் ரயில் போவதும், நான் வாசிப்பதும் ஒரே நிதானத்தில் நடந்தன. வாசிப்பது என் கைதானா என்று சில நேரம் எனக்கே சந்தேகமாக இருக்கும். வேகம் கேட்காமலே கூடியது. ஆனால் முழுதாக வந்து சேரவில்லை. ஒத்திகைகளில், சோலோவை மேடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று மேலாளரிடம் சொல்லி அந்த இடத்தை டெஸ்டரே தாண்டவைத்தார்.

விழா மேடையில் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினார். பேசிவைத்த வேகத்தைவிட அது மெதுவாக இருந்தது. மேலாளர் திரும்பிப் பார்த்தார். டெஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. என் கைக்கு எந்த வேகம் முடியுமோ, சரியாக அந்த வேகம். சோலோ வந்ததும் விரல்கள் தாமாகப் போயின. ஒரு ஸ்வரம்கூட இடறவில்லை. கைதட்டல் அடங்க நேரமானது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

மேடைக்குப் பின்னால் எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் அவரைக் கடிந்துகொண்டார். பயத்தில் பாட்டையே இழுத்துவிட்டாராம்.

"ஹவ் சார், ஆமா, என் மிஸ்டேக்தான்," என்றார் அவர்.

நான் கிட்டாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஜிப்பை மூடுவதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார்; நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் டெஸ்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த சோலோவை, அன்று பொய்யாக அனுப்பிய வேகத்திலேயே, யோசிக்காமல் வாசிக்கிறேன். கேட்பவர்கள் எங்கே கற்றீர்கள் என்கிறார்கள். அல்வாலில் என்று மட்டும் சொல்கிறேன். அவர் அன்று பயப்படவில்லை. தாளம் தவறவும் இல்லை. என்னால் முடியாது என்பதால்தான் மெதுவாகத் தொடங்கினார். இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.