தனுஷ்கோடியார் ஆசாரம் கெட்ட வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூரில், கோபுரம் தெரியும் தெரு ஒன்றில், தனுஷ்கோடி என்னும் மகாபக்தர் வாழ்ந்துவந்தார். தாம் மகாபக்தர் என்பது அவருக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரிந்திருந்தது. ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் ஆலையொன்றில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். மாலையில் பேருந்தைவிட்டு இறங்கியதும் நேரே குழாயடிக்குப் போவார். கை கழுவுவார். கழுவிய கையாலேயே குழாயை மூடினோமே என்று மறுபடி கழுவுவார். பிறகு குளியல், குளித்தபின் கோயில். பிராகாரத்தை வலம்வந்து வாசலை நெருங்குகையில், நடந்தபோது ஏதோ தகாத நினைப்பு மனத்தில் குறுக்கிட்டதோ என்று ஐயம் பிறக்கும். திரும்பிப்போய் முதலிலிருந்து தொடங்குவார். கதவடைக்கும் ஓசை கேட்ட பிறகே வீட்டு நினைவு வரும்.

இதைக் கண்டு தெரு உருகியது. கலிகாலத்திலும் இப்படியோர் ஆசாரசீலரா என்று மளிகைக்கடை ராஜரத்தினம் வருவோர் போவோரிடமெல்லாம் வியந்தார். தெருவின் அன்னதானக் குழுவுக்குத் தலைவரும் அவரே. ஆகவே சென்ற ஆண்டு ஆடிப்பூரத் தேர் நாளில் சமையற்கட்டைக் காக்கும் பொறுப்பு தனுஷ்கோடியைத் தேடி வந்தது. அரிசி போதிய அளவு கழுவப்பட்டதா என்னும் ஐயம் அவருக்குக் கடைசிவரை தெளியவில்லை. தேர் வடம் பிடித்துக் களைத்த வெளியூர் மக்கள், மத்தியானச் சோற்றை விளக்குவைக்கும் வேளையில் உண்டார்கள். அந்தப் பட்டினியையும் தெரு புண்ணியக் கணக்கிலேயே சேர்த்தது.

இத்தகைய உத்தமருக்கு வாழ்க்கைப்பட்டும் அதன் அருமை அறியாதவளாக ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி பாண்டிசெல்வி. நாட்டிலுள்ள புண்களுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிறவர், வெடித்துக் குருதி கசியும் தம் விரல்களில் அதே துணியைச் சுற்றிக்கொண்டு உறங்குவது அவளுடைய ஊனக்கண்ணுக்குப் பக்தியாகப் படவில்லை. பள்ளிவிட்டு வரும் மகள் இந்துவை வாசலிலேயே நிறுத்தி, கிருமிநாசினி கலந்த நீரில் குளிப்பாட்டிய பின்னரே அவர் வீட்டுக்குள் விடுவார். ஒருநாள் பிள்ளையின் தோல் தடித்துச் சிவந்தது. அரிப்புத் தாளாமல் அழுதாள். அன்றே பாண்டிசெல்வி மகளை அழைத்துக்கொண்டு வன்னியம்பட்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"எங்களக் கழுவுனது போதும்," என்றாள். "எம்பிள்ளையப் பயமில்லாமத் தொட முடியும்னா ஒரு போன் போடுங்க, வாரேன். இல்லைன்னா அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருதேன்."

பற்றறுத்தவரை இல்லறம் தானே விட்டு விலகுகிறது என்று ராஜரத்தினம் விளக்கம் தந்தார். பற்றறுத்தவரோ அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

கைப்புண்ணுக்குக் களிம்பு வாங்கப் போன இடத்தில், ஒரு நாளில் எத்தனை முறை கழுவுவீர்கள் என்று தோல் மருத்துவர் கேட்டார். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் முடிக்காமற்போகவே, எட்வின் என்னும் உளவியலாளரிடம் அனுப்பிவைத்தார். ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் இருந்த எட்வின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது எண்ணச் சுழற்சி நோய் என்றார். அதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று நீண்ட பெயருடைய வைத்தியம் உண்டு என்றும் சொன்னார். பெயரின் நீளத்துக்கு ஏற்ற மருந்துப்புட்டி ஏதும் அதில் இல்லை. அஞ்சுவதைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவலாகாது. அச்சம் ஏறும், ஏறியது தானே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கழுவாவிட்டால் பிள்ளைக்கு நோய் வரும் என்று மனம் சொல்லும்போது, இது நினைப்பா நடப்பா என்று மனத்தையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். குறைந்த பயமுள்ளதில் தொடங்கிப் படிப்படியாகக் கடியதற்குப் போக வேண்டும்.

தனுஷ்கோடி தயங்கித் தயங்கி, கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டார்.

"தாராளமாப் போங்க அண்ணாச்சி," என்றார் எட்வின். "ஒரு தடவ சுத்துங்க. அது சாமிக்கு. திரும்பிப் போயி மறுக்கச் சுத்துறது மட்டும் நோய்க்கு."

இன்னொன்றும் சொன்னார். கை சுத்தமாக இருக்கிறதா என்று எவரிடமும் கேட்கக் கூடாது. கேட்டாலும் எவரும் விடை சொல்லக் கூடாது. அந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி. பாண்டிசெல்வியையும் போனில் அழைத்து இதையே அறிவுறுத்தினார்.

தனுஷ்கோடி முதலில் கதவுப்பிடியைத் தொட்டார். பிறகு பேருந்துக் கம்பி, அதன்பின் செருப்பு. நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, காத்திருந்தார், இறங்கியது. ராஜபாளையத்தில் இப்படி இறங்கிய அச்சம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஏறிக்கொண்டது. ஏனெனில், அவர் தெருவில் கையை விரித்துப் பார்த்த மாத்திரத்தில், பளிங்குபோல் இருக்கிறது அண்ணாச்சி என்று ராஜரத்தினம் கல்லாவிலிருந்தே சான்றிதழ் வழங்குவார். அது செவிக்குத் தேனாக இனிக்கும். அடுத்த கணமே, அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அழுக்கு எப்படித் தெரியும் என்று ஐயம் முளைக்கும். குழாயடி அழைக்கும்.

ஒருநாள் தனுஷ்கோடி துணிந்து கடைக்கே போனார். தமக்கு இருப்பது நோய் என்றும், எட்வினிடம் வைத்தியம் நடக்கிறது என்றும், இனிமேல் ஆறுதல் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ராஜரத்தினத்தின் முகம் சுருங்கியது. "அப்ப நாங்க இம்புட்டு நாளாக் கும்பிட்டது நோயவா அண்ணாச்சி?"

இக்கேள்விக்குத் தெரு தானே விடை கண்டது. போகுமிடம் எட்வின், வலம்வருவதும் ஒரு சுற்றோடு சரி, இரண்டையும் கூட்டினால் மதம் மாறிவிட்டார் என்றுதானே விடை வரும்? ஆயினும் கருணை மிக்க தெரு அவரை உடனே கைவிடவில்லை. திருந்துவதற்கு ஒரு வாய்ப்பாக இவ்வாண்டுச் சமையற்கட்டையும் அவரிடமே ஒப்படைத்தது. அந்த நாளுக்கே வரும்படி அவர் வன்னியம்பட்டிக்குப் போன் செய்தார்.

தேர் நாளன்று அரிசியை ஊரார் கழுவும் அளவுக்கே கழுவச் சொல்லி உலையேற்றினார். கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நின்றார். விளைவு கொடியது: உச்சிப்பொழுதிலேயே சோறு வெந்துவிட்டது. வெளியூர் மக்கள் பசிக்கும் நேரத்தில் சாப்பிடும்படி நேர்ந்தது.

அப்போது பாண்டிசெல்வி மகளோடு பந்தலுக்குள் வந்தாள். தந்தையைக் கண்டு ஓடிவந்த இந்துவின் கையிலிருந்த கடித்த கொய்யாப்பழம் மண்ணில் விழுந்தது. எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள், நீட்டினாள்.

"இந்தாங்கப்பா."

பரிமாறியவர்கள் கரண்டியோடு நின்றார்கள். ராஜரத்தினம் ஒரு செம்பு நீரை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். தனுஷ்கோடி பழத்தை வாங்கிக் கடித்தார். மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். மனம் காய்ச்சல் என்றது, மருத்துவமனை என்றது, அதற்கப்பாலும் போயிற்று. மனைவியைப் பார்த்தார்.

"பாண்டி, ஒண்ணும் ஆகாதுல்லா?"

பாண்டிசெல்வியின் உதடு அசைந்தது. ஆகாது என்று ஒரு சொல் சொன்னால் அவர் அச்சம் அக்கணமே நின்றுவிடும். நாளை மீண்டும் கேட்பார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, அழுதுவிடாதபடி தேரின் பக்கம் திரும்பி நின்றாள்.

செம்பு நீர் அப்படியே இருந்தது. பந்தி எழுந்தது, அடுத்த பந்தி அமர்ந்தது. நெஞ்சின் படபடப்பு முற்றிலும் ஓயவில்லை. ஆனால் இறங்கியது. இந்து தோளிலேயே உறங்கிப்போனாள்.

அடுத்த ஆண்டுக்கு வேறொரு சுத்தமான ஆளைத் தேடவேண்டும் என்று குழு அங்கேயே தீர்மானித்தது. தூய்மை கெட்டவரை அது தோளில் உறங்கும் பிள்ளையோடு பந்தலுக்கு வெளியே அனுப்பியது. பாண்டிசெல்வியும் உடன் நடந்தாள்.

"எங்க பையெல்லாம் வன்னியம்பட்டியிலதான் கெடக்கு," என்றாள். "இன்னைக்கு இவளக் குளிப்பாட்டாமலே உள்ள படுக்கப்போடுவீகளா?"

தனுஷ்கோடி பிள்ளையின் மண் படிந்த பாவாடையைப் பார்த்தார்.

"போடுதேன்," என்றார்.