அம்மனுக்குத் திரை போட்ட மழை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது கோயில் கமிட்டி. பாலர் பாடசாலைக்குக் கூரை போட்டதும், ஸ்கூல் வேன் வரப் பாதை வெட்டியதும் அதுதான். தோட்ட நிர்வாகம் "பார்ப்போம்" என்று சொல்லும். பிரதேச சபைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்த அன்றும், "எல்லாரும் கோயிலுக்கு வாங்க" என்று ஸ்பீக்கரில் கூப்பிட்டது கமிட்டித் தலைவர்தான்.

நடுப்பகல். காலையிலிருந்து மழை விடவில்லை. லயம் காலியாகிவிட்டது. நாங்கள் மட்டும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். என் அண்ணன் இறந்து இன்னும் கருமாதி முடியவில்லை. தீட்டு வீட்டார் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. மகளின் கையை இறுகப் பிடித்தபடி மனைவி அசையாமல் நின்றாள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கும் "போவோம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

தலைவர் நனைந்துகொண்டே கோயிலிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன சேர், குடும்பத்தோட மழை பாக்கிறீங்களா?"

"தீட்டு வீடுங்க," என்றாள் மனைவி. "உள்ள வந்து, நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?"

"மண்ணு தீட்டு பாக்காது, அண்ணி."

அவள் நகரவில்லை. மேட்டிலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தன. அதைப் பார்த்ததும் அவர் போனை எடுத்துப் பூசாரியிடம் கத்தினார்: "அம்மனுக்குத் திரைய இழுத்து மூடுங்க! இப்பவே!" பிறகு திரும்பினார். "திரை போட்டாச்சு. இப்ப அம்மா யாரையும் பாக்க மாட்டா. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல மழைக்கு ஒதுங்குறதா நெனச்சிக்கிட்டு வாங்க."

மனைவி நடந்தாள்.

கோயில் படியை மிதிக்கும்போது பின்னால் மண் சரியும் சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது, எங்கள் சமையல் குசினி இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், அதன்மேல் சாய்ந்தபடி எங்கள் வாழைமரமும்தான் இருந்தன.

பிறகு கமிட்டி கூடி, தீட்டு வீட்டாரும் தங்கும்படி கோயிலுக்கு வெளியே ஒரு மண்டபம் கட்டத் தீர்மானித்தது. கீழே சிங்களக் கிராமத்து சாவு வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தார் கூரைக்குத் தகரம் தருவதாகச் சொன்னார்கள். இப்போதைக்கு அத்திவாரம் மட்டும் வெட்டியிருக்கிறது. அதில் தண்ணீர் நிற்கிறது.

மகள் இருமினால் மனைவி கோயில் பக்கம் பார்க்கிறாள். நான் மேட்டைப் பார்க்கிறேன். மிஞ்சிய முன்னறையில்தான் இருக்கிறோம்; கருமாதி இன்னும் முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் வானம் கறுத்ததும் மகள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினாள்.

"அப்பா, திரை போட்டாச்சா?"

நான் தலைவருக்குப் போன் எடுத்தேன்.