அம்மா வஞ்சிரம் கேட்ட ஞாயிறு

அந்த வருடம் நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்காக மறைக்கல்வி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் ஆன்மா துவைத்த சட்டை மாதிரி ஆகிவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அம்மா சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நிற்பது எனக்குக் கவலையாக இருந்தது. ஒரே வாரத்தில் மறுபடி அழுக்காகும்படி அப்படி என்னதான் செய்கிறாள்? உளவு பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று ஒரு பொய் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அணைத்த அடுப்பைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பின்னால் நெருங்கி நின்றேன். எங்கள் தாம்பரம் கோயில் ஃபாதருக்குக் காது மந்தம், குரல் பெரிது.

"மீன் கேட்டது பாவமே இல்லையேம்மா! போன வாரமும் சொன்னேனே. வேற பாவம் இருந்தா சொல்லு."

விஷயம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். அதற்குச் சில மாதம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், காய்ச்சலாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றார். அம்மா விடவில்லை. அன்றைக்குத்தான் மாமா குடும்பத்தோடு விருந்துக்கு வருவதாக இருந்தது. வஞ்சிரம் இல்லாமல் முடியாது என்று பிடிவாதம் பிடித்தாள். "சரிம்மா, எங்க வூட்டுக்காரர கரைக்கு அனுப்பி வாங்கியாரச் சொல்றேன்" என்று அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு பதினொரு மணிக்கும் மீன் வரவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்று அம்மா வாசலில் நின்று திட்டினாள். உள்ளே மாமா டிவியைப் போட்டார். கடல் ஊருக்குள் வந்திருந்தது.

மீன் வாங்கக் கரைக்குப் போன அக்காவின் கணவர் திரும்பவில்லை என்பது வேறொரு மீன்காரர் சொல்லித் தெரிந்தது.

ஃபாதர் பாவமில்லை என்று சொன்னதற்கு மறுநாள், அம்மா ஒரு பையில் அரிசியும் இரண்டு புடவையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோவளம் போனாள். தகரக் கொட்டகைகளின் வரிசையில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். அக்கா இளைத்திருந்தார். உட்காருவதற்கு முன்பே அம்மா கேட்டாள்:

"நான் வஞ்சிரம் கேட்டதாலதானே அவர் அன்னிக்குக் கரைக்குப் போனாரு?"

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ கேட்டியா? எனுக்கு ஞாபகமே இல்லம்மா. உனுக்கு ஒருத்திக்கா மீனு வாங்குறோம்? நீ இன்னா பண்ணுவ, தண்ணி வந்துச்சு. கொயந்த வெயில்ல வந்துகீது, டீ குடிக்குமா?"

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். எனக்கோ பெரிய நிம்மதி.

"ஃபாதரும் இல்லைன்னுட்டார், அக்காவும் இல்லைன்னுட்டாங்க. இனிமே சனிக்கிழமை போகவேணாமில்லம்மா?"



அடுத்த சனிக்கிழமை முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை குரோம்பேட்டைக் கோயிலுக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஃபாதர் புதியவர், அவளை அறியாதவர். வெளியே வந்த அவள் முகத்தைப் பார்த்ததும், அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இத்தனை பேர் நல்லபடியாகச் சொல்லியும் இவளுக்கு ஏன் சந்தோஷமில்லை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. யாராவது ஒருவர் அதைக் குற்றம் என்று ஒப்புக்கொண்டால்தானே அவளை மன்னிக்க முடியும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.