வால்தம்ஸ்டோவில் வார்த்த கிரேக்க எழுத்து

இன்று லண்டன் இல்ஃபோர்டில் கூரை வேலைக்காரன் உருக்கிய ஈயத்தின் நாற்றம் என்னைப் பக்கத்து வால்தம்ஸ்டோவில் இருந்த பழைய அச்செழுத்துப் பட்டறைக்கு இழுத்துப்போனது. அதை இடித்துப் பிளாட் கட்டிவிட்டார்கள், பாவிகள். அங்கேதான் எலெனி என்ற சைப்பிரஸ்காரி கிரேக்க அச்செழுத்து வார்த்தாள், என் அம்மா வார்த்த எழுத்தின் பிசிறை அரத்தால் அராவினார். கிரேக்க உயிரெழுத்தின் தலையில் மயிர்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒலியழுத்தக் குறி, தொட்டாலே முறியும். ஒருநாள், இறந்த ஒருத்தியின் நினைவு அட்டைக்கு வார்த்த பெயரில் அது முறிந்துகொண்டேயிருந்தது. அட்டைக்காக இறந்தவளின் மகன் வாசலில் நின்றான்.

"குறி இல்லாமல் அடியுங்கோ அக்கா, ஆர் பாக்கப்போகினம்?" என்றார் அம்மா.

"செத்தவளின் பெயரை நொண்டியாக்கவா?" என்று எலெனி அம்மாவிடம் பழகிய உடைந்த தமிழில் சீறிவிட்டு, மறுபடி உருக்கி, மறுபடி வார்த்தாள். கடைசியில் குறி நின்றது. மகன் மை ஈரம் காயாத அட்டையை வாங்கித் தாயின் பெயரைச் சத்தமாக வாசித்தபோது, அம்மா அரத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.